பனிமலை வீரரும் பழைய விதியும்



1972ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 31ஆம் நாள், யப்பான் நாட்டின் வடபாலுள்ள சப்போரோ நகரிலே சர்வதேச ஒலிம்பிக் குழுவினர் கூடியிருந்தனர். குளிர்கால ஒலிம்பிக் விழா தொடங்குவதற்கு இன்னும் மூன்று நாட்களே இருந்தன. பல நாடுகளின் வீரர்களும் அந்நகருக்கு வந்து சேர்ந்துவிட்டனர். அந்நிலையில் அக்குழுவினர் ஒரு தனி மனிதரைப் பற்றி வாக்கெடுப்பு நடத்தினர். அவரை விழாவினின்றும் விலக்குதல் வேண்டும் என 28 பேரும், வேண்டாம் என 14 பேரும் வாக்களித்தனர். விலக்கப்பட்டவர் ஒஸ்திரியா தேசத்துப் பனிச்சறுக்கு வீரர் கார்ல் ஷ்ரான்ஸ். அப்போது அவருக்கு வயது 33. மலைச்சரிவுப் பந்தயங்களில் ஒருவர் அடையத்தக்க பெருமைகளுள் ஏறக்குறைய அனைத்தையும் அவர் அடைந்திருந்தார். ஒலிம்பிக் பொற்பதக்கம் ஒன்றுதான் அவர் கைக்கு எட்டவில்லை. அதனைப் பெறுவதற்கு எஞ்சியிருந்த இறுதி வாய்ப்பும் அன்று மூடப்பட்டது.

அவர் செய்த குற்றம் யாது? போதை மருந்து உட்கொண்டாரா? நடுவர்க்குக் கையூட்டுக் கொடுத்தாரா? இவை எவையும் அல்ல. தம் பெயரையும் படத்தையும் வாணிப விளம்பரத்துக்குப் பயன்படுத்த இடங்கொடுத்தார் என்பதே அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். விளையாட்டு வீரர்கள் தலை முதல் கால் வரை விளம்பரங்களை அணிந்து தோன்றும் இக்காலத்தில் இது நமக்கு வியப்பை அளிக்கலாம். ஆயினும் அன்று அது ஒரு மனிதரின் வாழ்நாள் முயற்சியை வீழ்த்தப் போதுமான குற்றமாக இருந்தது. அக்குற்றத்தை வகுத்த விதி எங்கே பிறந்தது, யாரைக் காத்தது, யாரை வருத்தியது என்பவற்றை அவ்வீரரின் வாழ்க்கை வழியே நோக்குவோம்.

வெண்பனி காணாத நம் தீவினர்க்கு இவ்விளையாட்டின் இயல்பை முதற்கண் சிறிது கூறுதல் வேண்டும். நீண்ட, ஒடுங்கிய இரு பலகைகளைக் கால்களிற் பிணைத்துக்கொண்டு, பனி போர்த்த மலைச்சரிவில் வழுக்கி இறங்குவதே மலைச்சரிவுப் பனிச்சறுக்கு. இதில் மூவகைப் பந்தயங்கள் நெடுங்காலமாக வழங்கி வந்தன. முதலாவது மலையிறக்கம், ஏறக்குறைய ஒரு மலையின் உச்சியிலிருந்து அடிவாரம் வரை மணிக்கு 100 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்திற் பாய்ந்து வருவது. இரண்டாவது ஸ்லாலம், நெருக்கமாக நாட்டப்பட்ட கொடிக்கம்பங்களால் அமைந்த வாயில்களூடே இடமும் வலமும் வளைந்து வளைந்து இறங்குவது. ஒரு வாயிலைத் தவறவிட்டாலும் ஓட்டம் செல்லாது. மூன்றாவது பெருஸ்லாலம், வாயில்களுக்கிடையே தூரம் மிகுந்து, வேகமும் திருப்பமும் ஒருங்கே வேண்டப்படுவது. இப்பந்தயங்களில் முதல்வரையும் இரண்டாமவரையும் பிரிப்பது பெரும்பாலும் செக்கனின் நூற்றிலொரு பங்குக் கணக்கே.

இவற்றுள் ஸ்லாலம் பந்தயத்தை இன்றைய வடிவில் வகுத்தவர் ஆர்னல்ட் லன் என்னும் ஆங்கிலேயர். 1922ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தின் மியூரன் என்னும் மலைக்கிராமத்தில் அவர் அதனை நடத்திக் காட்டினார். வெயில் கொளுத்தும் சென்னைப் பட்டினத்திலே, ஒரு மெதடிஸ்த பாதிரியாரின் மகனாக, 1888ஆம் ஆண்டிற் பிறந்தவர் அவர் என்பது நம்மனோர்க்குச் சுவை பயக்கும் செய்தி. அவரும், ஒஸ்திரியாவின் ஆர்ல்பெர்க் மலைப்பகுதியில் பனிச்சறுக்குப் பள்ளி நடத்திய ஹன்னஸ் ஷ்னைடர் என்பவரும் சேர்ந்து, 1928ஆம் ஆண்டில் ஆர்ல்பெர்க்–கந்தஹார் என்னும் பந்தயத்தைத் தொடக்கினர். அது முதன்முதல் நடைபெற்ற ஊர் திரோல் மாகாணத்துச் செயின்ற் அன்ரன். அவ்வூர்தான் கார்ல் ஷ்ரான்ஸ் பிறந்த ஊர்.

செயின்ற் அன்ரன் ஏறக்குறைய 1,300 மீற்றர் உயரத்தில் உள்ள ஒரு மலைக்கிராமம். 1884ஆம் ஆண்டில் 10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளமுள்ள ஆர்ல்பெர்க் சுரங்கம் திறக்கப்பட்டதும் புகையிரதம் அவ்வூருக்கு வந்தது. புகையிரதத்தோடு உல்லாசப் பிரயாணிகளும் வந்தனர். ஷ்னைடர் வகுத்த ஆர்ல்பெர்க் முறை என்னும் சறுக்குமுறை உலகெங்கும் பரவியது. 1930ஆம் ஆண்டில் யப்பானுக்கும் சென்று அவர் அதனைக் கற்பித்து வந்தார். ஏழை உழவர் வாழ்ந்த பள்ளத்தாக்கிற் பனிச்சறுக்கு என்பது பொழுதுபோக்காக இருக்கவில்லை. அது பிழைப்புக்கு வழியாயிற்று. விடுதி நடத்துவோரும் சறுக்கப் பழக்குவோரும் பலகை செய்வோரும் அதனாலேயே உயிர் வாழ்ந்தனர். இதனை நாம் மனத்திற் பதித்துக்கொள்ளுதல் வேண்டும். பின்னர் எழுந்த பூசலுக்கெல்லாம் வேர் இங்கேயே உள்ளது.

கார்ல் ஷ்ரான்ஸ் 1938ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 18ஆம் நாள் பிறந்தார். அவ்வாண்டு மார்ச் மாதத்திலேதான் ஒஸ்திரியா ஹிற்லரின் ஜேர்மனியோடு இணைக்கப்பட்டது. ஹன்னஸ் ஷ்னைடர் கைது செய்யப்பட்டு, மறு ஆண்டில் அமெரிக்கா சென்று குடியேறினார். கார்லின் தந்தையார் ஒரு புகையிரதத் தொழிலாளி. மைந்தன் சிறுவனாக இருந்த காலத்திலேயே அவர் மறைந்தார். போருக்குப் பின் வந்த வறுமையில், தாயார் ஒருவரின் உழைப்பையே நம்பியிருந்த குடும்பத்திற் கார்ல் வளர்ந்தார். அத்தகைய சிறுவனுக்கு மலைச்சரிவொன்றே செலவின்றிக் கிடைத்த செல்வம்.

1956ஆம் ஆண்டில் இத்தாலியின் கோர்த்தினா நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் விழாவில் டோனி சைலர் என்னும் ஒஸ்திரிய இளைஞர் மலைச்சரிவுப் பந்தயங்கள் மூன்றிலும் பொற்பதக்கம் வென்று தேசிய வீரரானார். அடுத்த ஆண்டிலேயே, 18 வயதிற் கார்ல் ஷ்ரான்ஸ் ஆர்ல்பெர்க்–கந்தஹார் பந்தயத்தில் வென்று, சைலருக்குப் பின் வருவார் இவரே என்னும் நம்பிக்கையை ஊட்டினார். 1962ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் ஷமோனியில் நடந்த உலகப் போட்டியில் மலையிறக்கத்திலும், கூட்டுப் பந்தயத்திலும் உலக வெற்றி வீரரானார். 1964ஆம் ஆண்டில் ஒலிம்பிக் விழா அவருடைய சொந்த மாகாணத் தலைநகரான இன்ஸ்புறூக்கிலேயே நடைபெற்றது. அவ்வாண்டு பனி பொய்த்தமையால் இராணுவத்தினர் மலைகளிலிருந்து பனியைச் சுமந்து வந்து பாதைகளில் இட்டனர். அவ்விழாவிற் பெருஸ்லாலத்தில் பிரான்சு நாட்டுப் பொன்லியூ முதலிடம் பெற்றார்; ஷ்ரான்ஸுக்கு வெள்ளிப்பதக்கம் கிடைத்தது. அவருடைய வாழ்நாளில் அவர் பெற்ற ஒலிம்பிக் பதக்கம் அது ஒன்றே.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1968ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரில் அடுத்த விழா நடந்தது. அவ்விழாவின் தலைமகன் பிரான்சு நாட்டுச் ஷான் குளோட் கில்லி. மலையிறக்கத்தையும் பெருஸ்லாலத்தையும் அவர் ஏற்கெனவே வென்றிருந்தார். ஸ்லாலத்தையும் வென்றால், சைலரைப் போல மூன்று பொற்பதக்கங்களையும் ஒருங்கே பெற்றவராவார். பெப்ரவரி 17ஆம் நாள் ஷம்ரூஸ் மலைச்சரிவிலே ஸ்லாலம் நடைபெற்றது. மலை முழுவதையும் மூடுபனி கவிந்திருந்தது. ஒரு வாயிலில் நிற்பவருக்கு அடுத்த வாயில் தெரிதல் அரிதாயிற்று. முதற் சுற்றில் கில்லி முன்னணியில் நின்றார். இரண்டாம் சுற்றில் இறங்கி வந்த ஷ்ரான்ஸ் இடைநடுவே திடீரென நின்றுவிட்டார். மூடுபனிக்குள் யாரோ ஒருவர் தம் பாதையைக் குறுக்கே கடந்தார் என்று அவர் முறையிட்டார். நடுவர் அதனை ஏற்று, மீண்டும் ஓட அனுமதித்தார். மீண்டும் ஓடிய ஷ்ரான்ஸ் கில்லியின் மொத்த நேரத்தையும் வென்றார். அவரே முதல்வர் என்று எங்கும் பேச்சாயிற்று.

அம்மகிழ்ச்சி ஓரிரு மணி நேரமே நிலைத்தது. குறுக்கீடு நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் இடத்துக்கு முன்னரே ஷ்ரான்ஸ் வாயில்களைத் தவறவிட்டார். ஆதலின் மறு ஓட்டத்துக்கு அவர் உரியவரல்லர் என்று நடுவர் குழு பின்னர்த் தீர்ப்பளித்தது. ஷ்ரான்ஸின் ஓட்டம் தள்ளுபடியாயிற்று; கில்லிக்கு மூன்றாவது பொற்பதக்கம் கிடைத்தது. இரண்டாமிடம் பெற்ற ஒஸ்திரிய வீரர் ஹெர்பர்ட் ஹூபருக்கும் கில்லிக்கும் இடையே இருந்த வேறுபாடு செக்கனின் நூற்றில் 9 பங்கே. குறுக்கே வந்தவர் ஒரு காவலரா, ஒரு பணியாளரா, அன்றி மூடுபனி தோற்றுவித்த மயக்கமா என்பது இன்றுவரை வாதத்துக்குரிய பொருளாகவே உள்ளது. தீர்ப்பு விதிக்கு மாறானது என்று கூற இயலாது. ஆயினும் கையிற் பெற்ற பொன்னை இழந்தார் என்னும் எண்ணம் ஒஸ்திரிய மக்களின் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

வேறொருவராயின் அத்துடன் ஓய்ந்திருப்பர். அவர் ஓயவில்லை. ஒரு பருவம் முழுவதும் நிகழும் பந்தயங்களின் புள்ளிகளைக் கூட்டி வழங்கப்படும் உலகக் கிண்ணம் 1967ஆம் ஆண்டிலேதான் தோன்றியிருந்தது. முதலிரு கிண்ணங்களைக் கில்லி வென்றார். அடுத்துவந்த 1969, 1970ஆம் ஆண்டுகளின் கிண்ணங்களை ஷ்ரான்ஸ் வென்றார். 1970இல் இத்தாலியின் வால் கார்தெனாவில் பெருஸ்லாலத்திலும் உலக வெற்றி வீரரானார். மலையிறக்கப் பந்தயங்களுள் மிகக் கொடியது எனப் பெயர்பெற்ற கிற்ஸ்பியூல் பந்தயம் 1972 ஜனவரியில் அடுத்தடுத்து இருமுறை நடைபெற்றது. இரண்டிலும் அவரே வென்றார். 33 வயதிலும் தளராத ஆற்றலுடன் அவர் சப்போரோவுக்கு விமானமேறினார்.

அங்கே அவருக்காகக் காத்திருந்தவர் ஏவரி பிரண்டேஜ். அமெரிக்கராகிய பிரண்டேஜ் 1952ஆம் ஆண்டு முதல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்தார். அப்போது அவருக்கு வயது 84. சிக்காகோ நகரிற் கட்டட ஒப்பந்தங்களாற் பெரும் பொருள் ஈட்டிய செல்வர். ஆசியக் கலைப்பொருட்களைத் திரட்டிச் சான்பிரான்சிஸ்கோ நகருக்கு வழங்கிய கலையன்பர். விளையாட்டு என்பது அன்பினால் ஆடப்படுவதேயன்றிக் கூலிக்காக ஆடப்படுவதன்று என்பது அவருடைய அசையாத கொள்கை. இதனையே அமெச்சூர் தருமம் என்று அவர் போற்றினார்.

இத்தருமத்தின் பிறப்பை நாம் சற்று ஆராய்தல் வேண்டும். இது பண்டைக் கிரேக்கரின் மரபு என்று அதன் காவலர் சொல்லி வந்தனர். ஒலிம்பியாவில் வென்றவனுக்கு ஒலிவ இலைமுடி ஒன்றே அளிக்கப்பட்டது என்பது மெய். ஆயின் அவன் ஊர் திரும்பியபின் நடந்ததையும் நோக்குதல் வேண்டும். ஏதென்ஸ் நகரில் ஒலிம்பிக் வெற்றி வீரனுக்கு 500 திராக்மா வழங்குக என்று சோலன் சட்டம் வகுத்ததாகப் புளூட்டார்க் எழுதியுள்ளார். எனவே பொருள் பெறாத கிரேக்க வீரன் என்பவன் பிற்காலத்தாரின் கற்பனை.

அவ்விதியின் உண்மையான பிறப்பிடம் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. தேம்ஸ் நதியில் நிகழும் ஹென்லி படகுப் பந்தயத்துக்காக 1879ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதி, கூலிக்கு உழைக்கும் கைவினைஞனோ தொழிலாளியோ அமெச்சூர் ஆகான் என்று வெளிப்படையாகவே கூறியது. படகோட்டிப் பணம் பெறாதவனாயினும், கையால் உழைத்து உண்பவன் என்ற ஒரே காரணத்தால் அவன் விலக்கப்பட்டான். நாம் நன்கறிந்த கிரிக்கெட் ஆட்டத்திலும் இதே பிரிவினை இருந்தது. ஊதியம் பெறாதோர் கனவான்கள் எனவும், ஊதியம் பெறுவோர் ஆட்டக்காரர் எனவும் வழங்கப்பட்டனர். இரு சாராரும் உடைமாற்றும் அறைகள் வேறு, ஆட்டப் பட்டியலிற் பெயர் எழுதும் முறையும் வேறு. இங்கிலாந்தில் 1962ஆம் ஆண்டுப் பருவத்துக்குப் பின்னரே அவ்வேறுபாடு ஒழிந்தது. பொருளுக்காக ஆடாமை உயர்ந்த குணம் எனப் போற்றப்பட்டபோது, பொருளுக்குக் குறைவில்லாதவர்க்கே அவ்வுயர்வு எளிதிற் கைகூடும் என்பது மறக்கப்பட்டது.

இவ்விதியின் கடுமையை ஒலிம்பிக் வரலாறு பலமுறை கண்டது. 1912ஆம் ஆண்டில் ஸ்டொக்ஹோமில் ஐந்நிகழ்ச்சிப் போட்டியையும் பத்துநிகழ்ச்சிப் போட்டியையும் வென்ற அமெரிக்கச் செவ்விந்தியர் ஜிம் தோர்ப், முன்னர்ச் சிறுதொகைக்குப் பேஸ்போல் ஆடினார் என்ற காரணத்தால் அடுத்த ஆண்டிற் பதக்கங்களை இழந்தார். அதே இரு போட்டிகளில் அவருடன் கலந்துகொண்டு தோற்றவர்களுள் ஒருவர் இளைஞர் ஏவரி பிரண்டேஜ். பிற்காலத்தில் தலைமைப் பதவியில் அமர்ந்தபோதும் தோர்ப்புக்குப் பதக்கங்களை மீட்டளிக்க அவர் இசையவில்லை. மலைச்சரிவுப் பனிச்சறுக்கு முதன்முதல் ஒலிம்பிக் விழாவில் இடம்பெற்ற 1936ஆம் ஆண்டிலும், சறுக்கப் பழக்கும் ஆசிரியர்கள் தொழில்முறையாளர் என விலக்கப்பட்டனர். மலைநாட்டு இளைஞனுக்கு இயல்பாகக் கிடைக்கும் வேலையே குற்றமாயிற்று.

இனி, ஷ்ரான்ஸ் பொருள் பெற்றாரா என்ற வினாவுக்கு வருவோம். பெற்றார். இதை மறைப்பதிற் பயனில்லை. ஆண்டில் பெரும்பகுதியும் மலைகளிற் பயிற்சி பெற்று, நாடு நாடாகச் சென்று பந்தயங்களில் ஓடும் ஒருவர் வேறு தொழில் செய்து வாழ்தல் இயலாது. ஒஸ்திரியாவின் க்னைசில் என்னும் பலகைத் தொழிற்சாலையோடு அவருக்கு நெடுங்காலத் தொடர்பு இருந்தது. எந்தப் பலகையில் வீரன் வென்றானோ அந்தப் பலகையையே மக்கள் வாங்கினர். எனவே தொழிற்சாலைகள் வீரர்களைத் தாங்கின. பனிச்சறுக்குச் சங்கங்கள் தொழிற்சாலைகளை நம்பின. ஷ்ரான்ஸ் மட்டுமன்று, முன்னணி வீரர் ஏறக்குறைய எல்லோரும் இந்நிலையிலேயே இருந்தனர். இதனைப் பிரண்டேஜும் அறிவார். கிரெனோபிள் விழாவில் பலகைகளிலுள்ள வாணிபப் பெயர்களை அகற்றவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். இறுதியில், ஓடி முடித்த வீரரின் பலகைகளைப் படம் எடுக்குமுன் அகற்றிவிடுவது என்ற அரைகுறை உடன்பாடே ஏற்பட்டது.

சப்போரோவிலும் அவருடைய பட்டியலிற் 40 வீரர்களின் பெயர்கள் வரையில் இருந்தன. அவர்கள் அனைவரையும் விலக்கினால் பந்தயமே நடவாது. எனவே ஒருவரைத் தண்டித்து ஏனையோரை எச்சரிப்பது என்ற முடிவுக்குக் குழு வந்தது. ஷ்ரான்ஸ் யாவரிலும் புகழ் பெற்றவர். அன்றியும், பிரண்டேஜின் போக்கைச் செய்தியாளரிடம் வெளிப்படையாகக் கண்டித்தவர். அவர் ஓர் உதைபந்தாட்டப் போட்டியில் கோப்பி நிறுவனம் ஒன்றின் பெயர் பொறித்த மேற்சட்டையணிந்து நின்ற படமொன்று சான்றாகக் காட்டப்பட்டது. தம் பக்கத்து நியாயத்தை நேரிலே எடுத்துரைக்க அவருக்கு இடமளிக்கப்படவில்லை.

இங்கே ஒரு செய்தியை ஊன்றி நோக்குதல் தகும். பிரண்டேஜ் தம்மைப் போல ஏழையாகப் பிறந்திருந்தால் வேறுவிதமாக எண்ணியிருப்பார் என்ற கருத்துப்பட ஷ்ரான்ஸ் அந்நாட்களிற் கூறினார். உண்மையில் பிரண்டேஜும் ஏழையாகவே வளர்ந்தவர். கல் தச்சராகிய அவருடைய தந்தையார் குடும்பத்தைக் கைவிட்டுச் சென்றார். சிறுவன் ஏவரி சிக்காகோ தெருக்களிற் பத்திரிகை விநியோகித்து, படித்து, பொறியியற் பட்டம் பெற்று, தன் முயற்சியால் உயர்ந்தான். தந்தையின் துணையின்றி வறுமையில் வளர்ந்த இருவர் சப்போரோவில் எதிரெதிரே நின்றனர். ஒருவர் தம் தொழிலாற் பொருள் ஈட்டி, விளையாட்டைத் தூய இன்பமாகப் பேணினார். அவ்வாறே பிறரும் செய்யலாம் என எண்ணினார். மற்றவருக்கோ விளையாட்டைத் தவிர வேறு தொழில் இருக்கவில்லை. தாம் ஏறிவந்த ஏணி எல்லார்க்கும் உண்டு என்று எண்ணுவது, முயன்று உயர்ந்தோர் பலரிடம் காணப்படும் குறை. அவ்விதியின் குறையும் அதுவே.

தீர்ப்பைக் கேட்ட ஒஸ்திரிய அணியினர் தாமும் விழாவிலிருந்து வெளியேறுவோம் என்றனர். ஷ்ரான்ஸ் அவர்களைத் தடுத்தார். பல ஆண்டு உழைத்த இளையோர் தம் பொருட்டு வாய்ப்பை இழத்தல் ஆகாது என்று அவர் வேண்டிக்கொள்ள, அணி தங்கியது. மலையிறக்கத்திற் சுவிற்சர்லாந்து வீரர் பெர்ன்ஹார்ட் ருஸ்ஸி பொற்பதக்கம் பெற்றார். ஒஸ்திரியாவின் ஹைனி மெஸ்னர் மூன்றாமிடம் பெற்றார்.

பெப்ரவரி 8ஆம் நாள் ஷ்ரான்ஸ் வியன்னா நகருக்கு மீண்டார். பதக்கமின்றித் திரும்பிய அவருக்குக் கிடைத்த வரவேற்புப் போன்றதொன்றைப் பதக்கம் பெற்ற வீரர்களும் பெற்றதில்லை. விமான நிலையத்திலிருந்து நகர் வரை மக்கள் வரிசை வரிசையாக நின்றனர். திரண்டோர் தொகை இலட்சத்துக்கு மேற்பட்டது என்று மதிப்பிட்டனர். நாட்டின் சான்சலர் புறூனோ கிறைஸ்கி அவரை அரசாங்க மாளிகையில் வரவேற்றார். கீழே நின்று ஆரவாரித்த மக்கள் முன்னே ஷ்ரான்ஸ் மாளிகையின் மேன்மாடத்தில் மீண்டும் மீண்டும் தோன்றினார்.

அக்காட்சி எல்லார்க்கும் உவகை தரவில்லை. 1938ஆம் ஆண்டில் அவ்விடத்துக்கு அயலிலுள்ள வீரர் சதுக்கத்திலே ஹிற்லரை வரவேற்க மக்கள் திரண்ட நினைவு பலர் மனத்தில் எழுந்தது. நாட்டின் ஒலிபரப்பு நிறுவனமும் செய்தித்தாள்களும் மக்களின் சினத்தை நாள்தோறும் வளர்த்தன. அணியைத் திருப்பி அழைக்காத அதிகாரிகள் மீது வசைமொழிகள் பொழியப்பட்டன. ஒருவருக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் கண்டு மக்கள் கொதிப்பது நல்லது. அக்கொதிப்பு வேறு சிலரை வேட்டையாடுவதாக மாறுமிடத்து நியாயம் இடம் பெயர்ந்துவிடுகிறது. வானொலி முன்னிலையில் இருக்கும் நாம் இதனை மறத்தலாகாது.

ஷ்ரான்ஸ் அவ்வாண்டிலேயே போட்டிகளிலிருந்து விலகி, தம் ஊரில் ஹோட்டல் நடத்துபவரானார். பிரண்டேஜும் அவ்வாண்டிலேயே, மியூனிக் விழாவுக்குப் பின், பதவியிலிருந்து ஓய்ந்தார். அவருக்குப் பின் வந்த கில்லானின் பிரபுவின் தலைமையில் 1974ஆம் ஆண்டில் ஒலிம்பிக் குழு மீண்டும் கூடியது. அமெச்சூர் என்னும் சொல் தகுதி விதியிலிருந்து நீக்கப்பட்டது. பயிற்சியால் இழந்த ஊதியத்துக்கு ஈடு பெறவும் வீரர்க்கு இடமளிக்கப்பட்டது. அக்கூட்டம் நடந்த நகரம் வியன்னா! ஷ்ரான்ஸுக்காக மக்கள் திரண்டு ஈராண்டும் எட்டு மாதமுமே ஆகியிருந்தன.

பழைய விதியின் நிழல் உடனே அகன்றுவிடவில்லை. 1984ஆம் ஆண்டுச் சரயேவோ விழாவில் சுவீடனின் இங்கெமார் ஸ்டென்மார்க்கும், லிக்கின்ஸ்டைனின் ஹன்னி வென்சலும் விளம்பர வருவாயை நேரே பெற்றமையால் விலக்கப்பட்டனர். 1980இல் இருவரும் இரு பொற்பதக்கங்கள் வீதம் பெற்றவர்கள். 1986ஆம் ஆண்டில், தொழில்முறை வீரர் பங்குபற்றுவதை அந்தந்த விளையாட்டின் சர்வதேசச் சங்கமே முடிவு செய்யலாம் என்று விடப்பட்டது. 1988ஆம் ஆண்டில் ஒலிம்பிக் குழு ஷ்ரான்ஸுக்குச் சப்போரோ விழாவிற் பங்குபற்றியோர்க்குரிய பதக்கத்தை அளித்தது. பந்தயத்திற் கால் வைக்கவும் விடப்படாதவருக்குப் பங்குபற்றியமைக்கான பதக்கம்! ஜிம் தோர்ப்பின் வெற்றி 1982ஆம் ஆண்டில், அவர் இறந்து 29 ஆண்டுகளின் பின், பாதியளவில் மீட்டளிக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டிலேயே அவர் தனி வெற்றி வீரராக ஏற்கப்பட்டார்.

அன்று பிரண்டேஜ் அஞ்சியவற்றுள் மெய்யானவையும் சில உண்டு என்பதையும் நடுநிலையோடு கூறுதல் கடன். வாணிபம் விளையாட்டை விழுங்கிவிடும் என்று அவர் எச்சரித்தார். இன்று ஒளிபரப்பு உரிமைக்கும் விளம்பரத்துக்கும் கொட்டப்படும் பொருளைக் காண்போர் அவர் கூறியது முழுப் பொய் என்று சொல்லார். ஆயினும் அவர் பிடித்த வழி நோயைத் தீர்க்கும் வழியாக இருக்கவில்லை. பொருள் கொடுத்த தொழிற்சாலைகள் தண்டிக்கப்படவில்லை. இராணுவத்தினர் என்றும் மாணவர் என்றும் பெயரிட்டு அரசுகளும் பல்கலைக்கழகங்களும் தாங்கிய வீரர்கள் தண்டிக்கப்படவில்லை. இரகசியமாகப் பெற்றோரும் தண்டிக்கப்படவில்லை. எல்லாரும் மீறும் விதியை ஒருவர் மீது மட்டும் செலுத்தும்போது, அது விதி என்னும் தகுதியை இழந்து, பலியிடும் சடங்காகிவிடுகின்றது.

2001ஆம் ஆண்டில் மலைச்சரிவுப் பனிச்சறுக்கு உலகப் போட்டி செயின்ற் அன்ரன் கிராமத்தில் நடைபெற்றது. அதனைத் தம் ஊருக்குக் கொண்டுவர உழைத்தவர்களுள் கார்ல் ஷ்ரான்ஸ் முதன்மையானவர். அங்கே ஓடிய வீரர்களின் தலையணியிலும் உடையிலும் பலகையிலும் வாணிபப் பெயர்கள் எவ்விதத் தடையுமின்றி மின்னின. கூலிக்கு உழைப்பவரின் பிள்ளைகளும், எவர்க்கும் ஒளிக்காமல் ஊதியம் பெற்று, அச்சரிவுகளில் இறங்கினர். அப்பிள்ளைகளுள் ஒருவராக 62 ஆண்டுகளுக்கு முன் அதே பள்ளத்தாக்கிற் பிறந்தவருக்கு மட்டும் அவ்வுரிமை காலந்தாழ்த்தி வந்தது.